விட்டுப்போன புள்ளி

சீட்டில் வயது 16 என்றிருந்தது.
கண்ணாடித் தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு
வார்டுக்குப் போன் போட்டேன்.
"சிஸ்டர், ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவே
ஒரு புள்ளி விட்டுப்போச்சா?"
"பதினாறேதான் டாக்டர். இதோ, கட்டிலில் உட்கார்ந்து
ரெட்டைச் சடை பின்னிக்கிட்டிருக்கா."

கோத்தகிரியில் அன்று பதினோரு மணிக்கே
ஜன்னலை மேகம் அடைத்துவிட்டது.
ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவந்தது.

நிரோஷினி. பிளஸ் ஒன். வலது கெண்டைக்கால்.
முதலில் கண்டுபிடித்தது காலுறை:
ஒரே கடை, ஒரே ஜோடி,
வலதின் எலாஸ்டிக் மட்டும் தோலில் வரி போட்டது.
அட்டை கடித்த வீக்கம் என்றது லயம்.
கோ-கோவில் பட்ட அடி என்றார் பி.டி. மாஸ்டர்.
வலிக்கவில்லை; ஒரு மழைக்காலம் போயிற்று.
ஸ்கேன் எடுத்தவர்கள் ஒரு சொல்லை எழுதிப்
பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார்கள்.
முழங்காலோடு விலை கேட்கும் பழக்கமுள்ள சொல்.

டாக்டர் பெள்ளிராஜ் அனுப்பிய துணுக்கு
லென்சுக்குக் கீழே
கேத்திப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்ப்பதுபோல:
வெள்ளை நார் வரப்பு, வரப்பு, வரப்பு,
நடுவே பாத்திகள்.
சில பாத்தியில் கொழகொழப்பாய் ஈரம்,
சிலதில் முற்றாத கொழுப்பணுக்கள்,
காக்கைக்கால் தடம் போலக் கிளைத்த ரத்தக்குழாய்கள்.
இந்த முகம் இருவருக்குப் பொதுவானது.
ஒருவர் ஆளைக் கொண்டுபோகிறவர்.
இன்னொருவர் மூன்று வயதுக்குள் வந்து
வெட்டியெடுத்தால் போய்விடுகிற சாது.
அவரை இந்த வயதில்
இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.
பார்க்காததை எழுதக் கை கூசியது.
பார்த்துப் பழகியதை எழுத இன்னும் அதிகம் கூசியது.

மெழுகுக் கட்டியைப் பஞ்சில் சுற்றி
வர்க்கி டப்பாவுக்குள் வைத்து
ஆறு மணிக் கோவை பஸ்ஸின்
கண்டக்டரிடம் கொடுத்தேன்.
"என்ன மேடம், பலகாரமா?"
"சாய்ச்சிடாதீங்க."
சாய்ந்தால் மெழுகுக்கு ஒன்றும் ஆகாது.
எனக்குத் தெரியும்.

பதினேழு நாள்.
கொழுந்து எடை போட்டுவிட்டு யோகராணி வருவாள்,
லேப் வாசல் பெஞ்சில் உட்கார்வாள்,
எதுவும் கேட்கமாட்டாள்.
விரல் மடிப்புகளில் தேயிலைக் கறை.
ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு எழுந்து போவாள்.

பதினெட்டாம் நாள் போன்.
எட்டாம் குரோமோசோமில் ஒரு மரபணு
உடைந்து இடம் மாறியிருக்கிறதாம்.
நாங்கள் பயந்த இன்னொன்று உடையவில்லை.
நல்ல செய்தி
ஓர் உடைசலாக வந்தது.

"புற்று இல்லம்மா.
கைக்குழந்தை உடம்பில் இருக்கிற கொழுப்பு மாதிரி;
இவள் வளர்ந்துட்டா, அது வளரல."

யோகராணி விரல்விட்டு எண்ணினாள்.
"அறுபதாம் நாளே இவளப் புள்ளைமடுவத்துல போட்டுட்டு
மலைக்கு ஏறிட்டேன் டாக்டர்.
வெயிட்டு கொறையும்னு பால் குடுக்கக்கூட எறங்கல.
அதனாலயா?"
இல்லை என்றேன்.
மறுபடி கேட்டாள். இல்லை என்றேன்.
மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை,
நானாகச் சொன்னேன்.

நிரோஷினி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அப்போ இந்தக் காலுக்கு மட்டும்
பஸ்ஸுல டிக்கெட் வேணாமா?"
யாருக்கும் உடனே சிரிப்பு வரவில்லை.
பிறகு அவள் அம்மாவுக்கு வந்தது,
முந்தானையால் அதை மூடிக்கொண்டாள்.

முழுதாக அகற்றவும்.
மீண்டும் வரலாம்; ஐந்தாண்டு கண்காணிக்கவும்.
தட்டச்சு செய்துவிட்டு மேலே போனேன்.
வயது: 16.
அருகில், வழக்கமில்லாத வழக்கமாக,
'சரிபார்க்கப்பட்டது' என்று சேர்த்தேன்.

வர்க்கி டப்பா இன்னும் திரும்பி வரவில்லை.