பதினாலாவது பல்லி

ஓஸ்த்ராவாவில், ஏழாம் மாடியில்,
என் கூடத்துக்குள் பதினொரு கண்ணாடிப் பெட்டி,
ஒரே நேரத்தில் பதினொரு பருவம்.
மூலையில் சகாரா நாற்பது டிகிரியில் காய்கிறது.
அதன் தோளுரசி மடகாஸ்கரில் மழை,
காலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரவு எட்டுக்கு ஒரு முறை.
பச்சோந்தி, முள்வால் பல்லி, சோளப்பாம்பு, இரண்டு ஆமை,
பெயர் என் வாயில் நுழையாத இன்னும் சில.
மின்கட்டணச் சீட்டை மகன்
இழவுச் செய்தி மாதிரி உரக்கப் படிப்பான்.
படிக்கட்டும்.
இருபத்தாறு வருடம் எட்டாம் எண் டிராம் ஓட்டினேன்,
அதே தண்டவாளம், அதே திருப்பம், அதே சுடுகாட்டு நிறுத்தம்.

எதிர்வீட்டு ரதோவானிடம் ஒரே இனம்.
கொண்டைப் பல்லி. நாற்பத்திரண்டு.
எனக்கு அது ஒரே பல்லி, நாற்பத்திரண்டு முறை.
அவனுக்கோ,
இது இடக்கண்ணைத்தான் முதலில் நக்கும்,
இதற்கு வியாழக்கிழமை பசிக்காது,
இதன் அம்மாவும் இப்படித்தான்,
கதவு திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.
இரவில் அவை கத்துவது சுவர் தாண்டிக் கேட்கும்.
பல்லி சொன்னால் பலன் பார்க்க இங்கே யாருமில்லை.

"ட்ரஹோமீரா, நீங்கள் ஊர் ஊராகப் போகிறீர்கள்,
நான் ஒரே வீட்டில் குடியிருக்கிறேன்" என்பான்.
"ஜன்னலும் ஒன்றுதானே" என்பேன்.
லிப்ட் வரும்வரை இப்படி, எட்டு வருடம்.

ஜனவரியில் ஒரு நாள் பனி கம்பியை அறுத்தது.
மாலை ஐந்துக்குப் போன கரண்ட்.
பதினொரு நாடும் மெல்ல ஒரே நாடாயிற்று:
பதினெட்டு டிகிரி, பதினாறு, பதினாலு.
வெந்நீர்ப் பை மூன்று. கை இரண்டு.
யார் முதலில் என்று ஒரு பட்டியல்
தலைக்குள் தானாக எழுதிக்கொண்டது.
அதில் கடைசிப் பெயரை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ரதோவான் டார்ச்சோடு வந்தான்.
தன்னுடையவை இந்தக் குளிரைத் தாங்கும் என்றான், பெருமையில்லாமல்.
பெருமை இருந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.
சட்டைப் பொத்தானைக் கழற்றி
சோளப்பாம்பை வயிற்றோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.
அதுவரை பாம்பைத் தொட்டதே இல்லையாம்.
"இப்போது இது என்ன நினைக்கும்?"
பத்து நாளைக்கு ஓர் எலி,
ஈரப்பதம் ஐம்பது, ஆயுள் இருபது வருடம்.
தெரிந்ததைச் சொன்னேன்.
அவன் கேட்டது அதுவல்ல.

விடிகாலை நாலரைக்குக் கரண்ட் வந்தது.
பச்சோந்தி வரவில்லை.
கிளையைப் பிடித்த பிடி அப்படியே இருந்தது.
அத்தனை நிறம் தெரிந்ததற்குக் கடைசியில் கிடைத்தது
அட்டைப்பெட்டிப் பழுப்பு.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடு என்றான் மகன்.
எந்த ஒன்று?
ஓபாவாவிலிருந்து பாம்பு வாங்க வந்த பெண்
"பேர் என்ன?" என்றாள்.
சோளப்பாம்பு.
"அது தெரியும். இதன் பேர்?"
விலையை இரட்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச்சில் அவன் வீட்டுக்குள் ஒரு குடல்நோய் நுழைந்தது.
எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி,
நோய்க்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.
பத்தொன்பது மிஞ்சியது.
லிப்ட் வாசல் வாதத்தை அன்றைக்கே ஜெயித்திருக்கலாம் நான்.
செருப்பை வெளியே விட்டு, கையை மூன்று முறை கழுவி,
சூப் கொண்டுபோனேன்.
செத்தவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொன்னான்.
இருபத்துமூன்று பெயர். சூப் ஆறிவிட்டது.

இப்போது ஞாயிறுதோறும் வந்து
என் சகாரா முன்னால் ஸ்டூல் போட்டு உட்காருகிறான்.
ஒரு கேள்வியும் கிடையாது, வெயில் காய்கிறான்.
நான் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போகிறேன்.
வால் அறுந்தால் இந்தப் பல்லிக்குத் திரும்ப முளைக்காதாம்.
இத்தனை வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும்
எனக்குத் தெரியாது.

போன வாரம் கண்டுபிடித்தேன்,
பதினாலாவதற்கும் பதினைந்தாவதற்கும் வித்தியாசம்:
பதினாலாவதன் தாடையில், இடப்பக்கம், மஞ்சளாய் ஒரு மச்சம்.
அடிக்கோடிட்டு எழுதிக் காட்டினேன்.
ரதோவான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
குனிந்து, வெகுநேரம் பார்த்து,
சுண்டுவிரலால் அதைத் துடைத்தான்.

வாழைப்பழம்.