ஒட்டுக்கேட்டல்

இரவு இரண்டரை. குகைப் பகுதி.
இரும்புக் கம்பியின் ஒரு முனை தார்ச்சாலையில்,
மறுமுனை செங்கோடன் காதில்.

முதலில் பைபாஸ் லாரி.
அப்புறம் தறி; இந்நேரத்திலும் யாரோ
ஓட்டுகிறார்கள்.
அதற்கும் கீழே
ஸ்ஸ்ஸ்…
மேட்டூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த தண்ணீர்
வாசலுக்கு எட்டடி முன்னால்
மண்ணுக்குள் நழுவிக்கொண்டிருக்கிறது.

சுண்ணாம்பில் ஒரு வட்டம் போடுகிறான்.

போன வெள்ளிக்கிழமை போட்ட வட்டம்
நாலு வீடு தள்ளி, இன்னும் தோண்டாமல்.
யாரோ அதைச் சுற்றிப் புள்ளி வைத்து
கோலமாக்கிவிட்டார்கள்.

மாநகராட்சிப் பேரேட்டில் இதற்குப் பெயர்
'கணக்கில் வராத நீர்'.

பதினோராம் நாள் முறைக்கு
விடியுமுன்பே குடம் வைத்த கமருன்னிசா
குழாயைத் திருகுகிறாள்.
வெறுங்காற்று.
ஸ்ஸ்ஸ்…

கம்பியை எடுத்த பிறகும்
செங்கோடனுக்கு அதே சத்தம்.