மெழுகுவர்த்திக் கணக்கு

முப்பத்தொரு வருடமாய் ஸ்வானேதி மலையில்
உமது கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறேன்.
மெல்லியது ஐம்பது தெத்ரி.
பெரிய நோன்பில் பாலாடைக்கட்டியை மோந்துகூடப் பார்த்ததில்லை.
திருப்படங்களை முத்தமிடும் வரிசை
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்:
முதலில் ஜார்ஜ், அடுத்து அன்னை, பிறகு நீர்.
எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்,
நீர் எனக்குக் கடன்பட்டவர் போல.

பிப்ரவரியில் பனி சரிந்து பாதை மூடியது.
பாதிரியார் யோத்தாம் மெஸ்தியாவில் மாட்டிக்கொண்டார்.
மெழுகு தீர்ந்தது. தூபமும்.
ஈன முடியாமல் நுஷி கத்தினாள்.
முழங்கை வரை உள்ளே விட்டு
குளம்பைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.
"எங்கேடா இருக்கிறாய், என் கண்ணே" என்றேன்.

கன்றைத்தான் கேட்டேன்.
கேட்ட பிறகுதான் திடுக்கென்றது:
இத்தனை வருடத்தில்
உன்னை ஒருமுறைகூட
இப்படிக் கூப்பிட்டதில்லையே.

கன்று பிழைத்தது.
பின்னங்கால் ஒன்று கொஞ்சம் கோணல்.
பாதை திறந்ததும் கடையும் திறந்தேன்.
இரண்டு கேட்டால் இரண்டு கொடுக்கிறேன்,
மீதிச் சில்லறையை எண்ணித் தருகிறேன்.
தொழுவத்தில் தனியாய் இருக்கையில்
உன்னிடம் கண்டதையும் பேசுகிறேன்.

அந்த நோட்டைத்தான் காணோம்.
தேடவில்லை.