பதினான்காம் கேள்வி

முக்கூடல் கீழத்தெருவில் நூற்றிரண்டு வீடு.
இருமல் எழுபத்தொன்று.
மேலத்தெருவில் தொண்ணூற்றாறு.
இருமல் ஒன்பது.

ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.
ஒரே பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி
அதே கடையில்தான் கட்டுப் போடுகிறார்கள்.
இரண்டு தெருவுக்கும் நடுவில்
ஒரு சாக்கடை, கடையம் போகிற பஸ்.
மேலத்தெருக் காற்றில் மட்டும்
என்ன மருந்து?

உரக்கடை மாடியில் தாள்களைப் பரப்பி,
பறக்காமலிருக்க டார்ச்சை மேலே வைத்துவிட்டு
பெர்பெத்துவா மேடம் சொன்னார்:
'நான்தான் வீட்டுக்காரி. ஒவ்வொருத்தியா கேளுங்க.'

சண்முகவடிவு அச்சில் இருந்தபடி கேட்டாள்:
'கடந்த பதினான்கு நாட்களில்
தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ
தங்களுக்கு இருமல் இருந்ததா?'
கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.
வாயையும் மூடிக்கொண்டாள்.

என் முறை.
வீடு வீடாகக் கேட்டதைப் போலவே கேட்டேன்:
'இருமலு கிருமலு ஒண்ணும் இல்லையேக்கா?'

கேட்டு முடிக்கும் முன்பே
என் காதில் விழுந்துவிட்டது.

அச்சுத் தமிழ் ஆளை விரட்டுகிறது என்று
நானாகத்தான் மாற்றினேன்.
நல்ல எண்ணம்தான்.
காய்ச்சலில் கிடப்பவரை அப்படித்தானே விசாரிப்போம்.
அந்தப் பிரியத்தைத் தாண்டி
ஆமாம் என்று சொல்ல
தொண்ணூற்றாறு வீட்டில்
ஒன்பது பேருக்குத்தான் தெம்பு இருந்திருக்கிறது.

பழைய தாள்களைக் கிழிக்கவில்லை.
தேதி போட்டு, சிவப்பு நாடா கட்டித் தனியே வைத்தார்.
கேள்வியை அன்றிரவே உட்கார்ந்து
வாய்க்கு வருகிற தமிழுக்குக் கொண்டுவந்தோம்:
'போன ரெண்டு வாரத்துல
விடாம மூணு நாளு இருமிருக்கீங்களா?'
இனி எவளும் ஒரு எழுத்து கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
இரண்டு தெருவும் முதலிலிருந்து.

'கேட்டதையே எத்தனை வாட்டி கேப்ப, ஏ உலகம்மா?'
'அன்னைக்கு நீ மொகத்தை அப்படி வச்சுக்கிட்டுக் கேட்டா
ஒரு மனுசி வேற என்னத்தச் சொல்லுவா?'

பதில் வருவதற்குள்
இரண்டு பீடிக்குத் தலை மடக்கிவிடுகிறார்கள்.
அந்த மௌனத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை.
இருந்தும்
அதை நான் நிரப்பாமலிருக்கத்தான் சம்பளம்.

நூற்று முப்பத்தேழு.
பேர் தெரியும். பேர் எழுதிய ஏடு பீரோவில்,
சாவி மேடத்திடம்.
இங்கேயும் அவள் நூற்று முப்பத்தேழுதான்.

மடியில் சொளவு. இலையில் ஓடும் கத்தரி.
கேட்டேன். சொன்னாள்.
பேனாவைத் திறந்தேன்.
உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.
'எழுதாண்டாம்' என்றாள், உதடு அசையாமல்.

முதல் பக்கத்தில் நானே வாசித்துக் காட்டிய வரி:
சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை.
அதை யாரும் காதில் வாங்குவதில்லை என்று
நினைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன்.
பதில் சொல்ல விருப்பமில்லை.

என்ன சொன்னாள் என்று வடிவு கேட்டாள்.
'தொண்ணூத்தொம்பது.'
மேடம் கேட்கவே இல்லை.

கீழத்தெரு அறுபத்தெட்டு.
மேலத்தெரு அறுபத்திரண்டு, மறுப்பு ஒன்று.
கூட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன்.
கரண்ட் போயிருந்தது.
ஏதோ ஒரு வீட்டுக்குள் இருமல், விடாமல்.
எந்த வீடு என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.