ஆன் ரோடு

மாதக் கடைசி, சனிக்கிழமை, மழை.
தெரிந்தேதான் இந்த நாளைப் பிடித்தேன்.
பார்வதிபுரம் பாலத்தருகே, ஷோரூம் கண்ணாடிக்குள்
வண்டி நிற்கிறது, சாம்பல் நிறம்,
துடைத்துத் துடைத்து
என் முகத்தையே எனக்கு விற்கப் பார்க்கிற மினுக்கம்.

பையன் பெயர் ஷெர்லின் ஜோஸ். அருமனைக்காரன்.
சட்டைப் பையில் ஒரே பேனா, மூடியில் பல்லடையாளம்.
"பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு மேடம்.
பிரேக் சவிட்டும்போதெல்லாம் தானே சார்ஜ் ஆயிக்கும்."
நிற்பதிலும் லாபம் பார்க்கிற வண்டி.
எனக்குப் பிடித்துவிட்டது.
பிடித்ததை முகத்தில் காட்டவில்லை.

குலசேகரத்தில் பதினாறு வருடமாய் ரப்பர் ஷீட் எடுக்கிறேன்.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து
ஈரம் என்று ஒரு கிலோ,
புகை பத்தாது என்று அரைக் கிலோ,
பூசணப் புள்ளிக்கு ஒரு கிரேடு
குறைத்துக் குறைத்து எழுதிய கை.
அவன் நீட்டிய தாளையும்
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கித்தான் பார்த்தேன்.

வண்டி விலை, சரி.
சாலை வரி, அதில் யாரிடம் பேரம் பேச?
இன்சூரன்ஸ், வெளியே எடுத்தால் இருபதாயிரம் குறையும்
என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
ஹேண்ட்லிங் சார்ஜ் பதினைந்தாயிரம்.
யார் யாரைக் கையாள?
பிறகு, டாஷ்போர்டில் ஒட்ட ஒரு பிள்ளையார், எண்ணூறு.
"நான் சி.எஸ்.ஐ. தம்பி."
"அதே விலைக்கு மாதாவும் உண்டு மேடம்."
"எங்களுக்கு அதும் இல்லை."
எண்ணூறை அடித்தான். முதல் வெற்றி.

களியக்காவிளை தாண்டினால் முப்பது குறைக்கிறார்களே என்றேன்.
பொய்யில்லை.
அங்கே வாங்கி இங்கே பதிவெழுதுகிற அலைச்சலை
நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.
டீ வந்தது.
ஒன்றும் பேசாமல் மெதுவாகக் குடித்தேன்.
பிரேக் சவிட்டுவது இப்படித்தான்.

மேனேஜர் வந்தார். திருச்சூரிலிருந்து மாற்றலாகி மூன்று வாரமாம்.
பையன் பக்கம் குனிந்து, மலையாளத்தில், தாழ்ந்த குரலில்:
"நாப்பத்தஞ்சு வரெ போகாம். ஆத்யம் இருபது பறஞ்ஞா மதி."

தினமும் காலை எட்டரைக்குக் கோட்டயத்துக்குப் போன் போட்டு
அந்த மொழியிலேயே சண்டை பிடிக்கிறவள் நான்.
குலசேகரத்துக்காரிக்கு அது புரியுமென்று
அருமனைப் பையனுக்குத் தெரியாதா?
ஒரு இருமல் போதும், மேனேஜர் நிறுத்தியிருப்பார்.
அவன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"இருபதாயிரம் குறைக்கலாம் மேடம்."
என் கண்ணைப் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து என் நாக்கு நுனியில் நிற்கிறது.
நியாய விலை என்ற சொல்லை
ரேஷன் கடைப் பலகையைத் தவிர
எங்கும் நான் படித்ததில்லை.
என் தராசுக்குப் பின்னாலும் தினம் ஒரு நாற்பத்தைந்து இருந்தது.
பால்வெட்டி, உறையவைத்து, உருட்டிக் காயவைத்துச்
சுமந்து வந்தவர்கள் யார் காதிலும்
அவர்களுக்கு விளங்குகிற மொழியில்
அதை நான் சொன்னதில்லை.

"நாற்பத்தி மூணு," என்றேன்.
மேனேஜரின் புருவம் ஏறிற்று.
அந்த இரண்டாயிரம் யாருக்கு விட்டது
என்று என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது.
"மேடத்தினு மலையாளம் அறியாமோ?"
"கொறச்சு," என்றேன்.
அவர் மொழியில் கொஞ்சம்.
என் மொழியில், இதுவரை நான் செய்துவந்த தொழில்.

அட்வான்ஸ் ரசீது எழுதும்போது அவன் பேனா மக்கர் செய்தது.
என்னுடையதைக் கொடுத்தேன்.
திரும்ப வாங்கவில்லை என்பது
பஸ் வில்லுக்குறி தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.
இந்நேரம் அதன் மூடியிலும்
பல் பதிந்திருக்கும்.