வாவி தெரியும் வீடு

சோலைவரி அறிவித்தலில்
என் வீட்டுக்கு ஒரு மேல்மாடி.
ஏறிப் பார்த்தேன்:
துருப்பிடித்த நாலு கம்பி,
ஒன்றில் காகம்.

அளக்க வந்த பொடியன்
பூரணவதி போட்ட தேத்தண்ணியைக் குடித்தான்,
யன்னலைத் திறந்தான்,
"அட, வாவி தெரியுது" என்றான்.
அதையும் எழுதிக்கொண்டு
சேத்துக்குடா ஒழுங்கையால் போனான்.

ஆட்சேபனை சொல்ல இருபத்தெட்டாம் திகதி கடைசி.
மாநகர சபை வாங்கில்
இடம் மாறி மாறி இருந்து
முறை வந்ததும் படங்களை விரித்தேன்.
"ஐயா, வாவி தெரியுதெண்டு கூட்டியிருக்கிறீங்கள்.
மார்கழியில அது உள்ளுக்கு வந்து
குசினியில பதினொரு நாள் கிடந்தது.
அந்த நாளுக்கு வாடகை
வாங்கித் தருவீங்களா?"

சிரித்தார்.
மேல்மாடியை வெட்டினார்.
வாவியில் கைவைக்கவில்லை.
நாற்பத்தையாயிரம் என்ற வருடாந்தப் பெறுமதி
முப்பத்தோராயிரமாய் இறங்கிற்று.

வெற்றிதான்.
பாலத்தடி வரைக்கும் விசிலடித்தபடி மிதித்தேன்.
அங்கேதான் ஞாபகம் வந்தது:
திங்கட்கிழமை வங்கி.
மாடி கட்டக் கடன்.
அவர்களும் ஒருவரை அனுப்புவார்கள்,
அளவுநாடாவோடு.

அவருக்கு
யன்னலை நானே திறந்துவிடுவேன்.