இருபது காசு அகலம்

திட்டுவதற்கு வரவில்லை என்று சொல்லித்தான்
வாசலில் காலணியைக் கழற்றுவேன்.
யாரும் நம்புவதில்லை.
கழுத்தில் தொங்கும் அட்டையைக் கண்டதும்
முதலில் அணைவது டிவி,
பிறகு சாத்தப்படுவது குளியலறைக் கதவு.

யீஷூனில் பன்னிரண்டு மாடிப் புளோக்.
மின்தூக்கிக்குப் பக்கத்தில் சிவப்புப் பதாகை.
டெங்கி: நேற்று பதினான்கு பேர்,
இன்று காலை பதினேழு.

மேலிருந்து இறங்கிவருவது என் வழக்கம்.
பன்னிரண்டில் ரொஹானா அக்கா
பூச்சட்டித் தட்டுகளையெல்லாம் வீசிவிட்டாராம்.
எங்கே வீசினார் என்பதுதான் கேள்வி.
படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கின்றன,
உடைந்த மீன்தொட்டியோடும்
பிள்ளை குளித்து வளர்ந்த பிளாஸ்டிக் தொட்டியோடும்.
நகர மன்றத்துக்கு ஒரு போன் போட்டால்
ஆள் வந்து எடுத்துப்போவார்கள் அக்கா.
தெரியுமே, நாளைக்குப் போடுகிறேன்.
இந்தப் புளோக்கிலேயே பெரிய சாமான் அந்த நாளைக்கு.
அதை ஏற்ற எந்த லாரியும் வருவதில்லை.

குப்பைக் குழாயைக் குறை சொல்ல முடியாது.
இழுத்தால் வாய் திறக்கிறது, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறது.
பொட்டலம் தரைக்குப் போய்ச்சேரும் முன்பே
நமக்குக் கை கழுவியாகிவிடுகிறது.
அதுவரை நடக்கச் சோம்பலானவர்களுக்கு
சன்னல் இருக்கிறது.
புல்வெளியில் பால்தேநீர்க் குவளைகள்,
அடியில் கறுப்பு உருண்டைகள், மேலே நேற்றைய மழை.
ஷொஃபிக் இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்து
தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுகிறார்.
யாரும் சொல்லித்தரவில்லை.
விடுதியில் அவர் அறையில் பத்துப் பேர்;
ஒரே வாரத்தில் நான்கு பேர் படுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வேன் வரும்,
பெட்டி பெட்டியாய் ஆண்கொசுக்களைத் திறந்துவிடும்.
ஆண்கொசு கடிக்காது, ஆண்கொசு கடிக்காது:
ஒரு நாளைக்கு அறுபது முறை சொல்கிறேன்.
கடிக்காத ஆண் உண்டா என்று கேட்டாள்
ஏழாம் மாடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள்.

ஒன்பதாம் மாடியில் திரு தியோ.
பதினோரு நாள் ஆஸ்பத்திரி, முந்தாநாள்தான் வீடு.
வந்துட்டுப் போயிடுச்சே, இனி என்ன என்றார்.
நான்கு வகை இருக்கு அங்கிள்.
உங்களுக்கு வந்தது ஒன்று.

வாளி கவிழ்ந்திருக்கிறது. மூங்கில்கழிக் குழாய்க்கு மூடி.
தரையில் ஒரு சொட்டு இல்லை.
கிளம்புமுன் ஏனோ பூசைமாடத்தில் விளக்கடித்தேன்.
மனைவியின் படம், ஆரஞ்சுப் பழம்,
மூன்று சின்னக் கோப்பைகள்.
நடுக்கோப்பையில் ஆறேழு காற்புள்ளிகள்
எந்த வாக்கியத்திலும் உட்காராமல் துள்ளின.
இருபது காசு நாணய அகலத் தண்ணீர் போதும் என்று
பயிற்சியில் காட்டினார்கள்.
இந்தக் கோப்பையின் வாய் அதைவிடச் சற்றுப் பெரிது.

தினமும் மாத்துவேன், தினமும், என்றார் அவர்,
பிறகு பதினோரு நாளை விரலில் எண்ணினார்.
சொட்டுக்குழலால் உறிஞ்சிச் சீசாவில் விட்டேன்.
இதுல எது என்னைக் கடிச்சது?
இதுங்க இல்லை அங்கிள். அம்மாவா இருக்கலாம்.

கைக்கணினி கேட்டது: எதில் கண்டறியப்பட்டது?
பூச்சாடி. வாளி. தட்டு. மற்றவை.
மனைவிக்கு வைத்த தண்ணீர் என்று ஒரு கட்டமில்லை.
மற்றவையைத் தொட்டேன்.
அபராதம் இருநூறு வெள்ளி என்று
என் குரலே சொன்னது.
அவர் வாதாடவில்லை.
இனிமே வெறுங்கோப்பை வைக்கவா என்று மட்டும் கேட்டார்.
அதற்கு என்னிடம் துண்டறிக்கை இல்லை.

அடுத்த வாரம் மறுசோதனை.
கோப்பைகள் மூன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தன.
அவற்றின் இடத்தில் கடைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று.
மூடி இருக்கு, பாத்துக்கோ என்றார்.
விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.
மூடி அரைத் திருகு தளர்ந்திருந்தது.
அவளுக்கு விரலில் வாதம் என்றார்,
சுவரைப் பார்த்தபடி.

விளக்கை அணைத்தேன்.
கண்டறியப்பட்டது: இல்லை.
கீழே எட்டாம் மாடியில் யாரோ
அவசரமாக ஒரு வாளியைக் கவிழ்க்கும் சத்தம்.